பிரம்மபுத்திரா ஏன் பின்னிக்கொண்டு ஓடுகிறது?

பிரம்மபுத்திராவின் குறுக்கே அசாமின் குவஹாத்தியில் 1962-ல் கட்டி முடித்த சராய்காட் பாலம் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அங்கிருந்து ஆற்றோடு மேலே போனால், திப்ருகர் அருகே 2018-ல் திறந்த போகிபீல் பாலத்தின் நீளம் 4.94 கி.மீ. இடையில் எத்தனையோ துணையாறுகள் வந்து கலப்பதால் குவஹாத்தியில்தான் தண்ணீர் அதிகம். ஆனால் ஆறு அங்கேதான் ஒடுங்குகிறது. காரணம், இரு பக்கமும் நெருக்கி நிற்கும் பாறைக் குன்றுகள். ஆற்றின் வடிவத்தைத் தண்ணீரின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. கரையின் உறுதிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

மலையில் செங்குத்தாக இறங்கும் ஆறு மணலையும் கூழாங்கல்லையும் அள்ளி வருகிறது. சமவெளியில் சரிவு குறைந்ததும் அத்தனையையும் சுமக்க வேகம் போதாது. நட்டாற்றில் திட்டு விழுகிறது. நீரோட்டம் இரண்டாகப் பிரிந்து இரு கரைகளையும் மோதுகிறது. கரை வெறும் மணலும் வண்டலும் என்றால் சட்டென்று சரிந்துவிடும். ஆறு அகலமாகும், ஆழம் குறையும், வேகம் இன்னும் தளரும், அப்புறம் புதுத் திட்டுகள் விழும். இப்படித்தான் ஒரே ஆறு பல கால்களாகப் பிரிந்தும் சேர்ந்தும் பின்னல் போடுகிறது. 1950 ஆகஸ்ட் 15 அன்று 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது மலைச்சரிவுகள் இடிந்து ஆற்றில் விழுந்தன. படுகை மேடேறி, திப்ருகர் நகரின் பெரும் பகுதி அரிப்பில் போனது.

அதே அசாமின் தெற்கில், சில்சார் பக்கம், பராக் ஆறு ஒற்றைக் காலாக வளைந்து வளைந்து போகிறது. மணல் சுமை குறைவு, கரையில் களிமண் பிடிப்பு அதிகம். வளைவின் வெளிப்பக்கம் மெல்ல அரிபடும். உள்பக்கம் வண்டல் படியும். வளைவு முற்றி, ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டால், பழைய தடம் குதிரை குளம்பு ஏரியாகத் தங்கிவிடும். ஊர்க்காரர்கள் அதை அனுவா என்கிறார்கள்.

கரையைப் பிடித்து நிறுத்துவதில் வேருக்கும் வேலை உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மணல் தொட்டியில் தண்ணீரை ஓடவிட்டார்கள். முதலில் பின்னல்தான் உருவானது. பிறகு குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் விதையைத் தூவி முளைக்கவிட்டு, அவ்வப்போது வெள்ளமும் விட்டார்கள். கால்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு, ஆறு ஒற்றைத் தடத்துக்கு வந்தது!

சரி, பிரம்மபுத்திரா கரையில் மரம் நட்டால் போதுமா? போதாது. அங்கே கரை உயரம். வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். வெள்ளம் அதற்குக் கீழே, அடிமணலைத்தான் குடைகிறது.