சிஎம்ஒய்கே படம் திறந்துவிட்டது என்பதற்காக நிறம் சரியாகிவிடாது

அச்சுக்காக சிஎம்ஒய்கே முறையில், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் அளவுகளாக உருவாக்கிய ஒரு படத்தைச் செயலியில் பதிவேற்றும்போது, அதைக் கையாளும் நிரலகம் பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டால் அதை நல்லதென்றே நான் எடுத்துக்கொள்வேன். ஜாவாவில் படங்களை வாசிக்கும் நிரலகமான இமேஜ்ஐஓ, சிஎம்ஒய்கே ஜேபெக் கோப்புகளை 'ஆதரிக்கப்படாத பட வகை' என்று மறுப்பது பலருக்கு எரிச்சலூட்டும். ஆனால் சிக்கல் இருப்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. கோப்பு சிக்கலின்றித் திறந்து, நிறம் மட்டும் தவறாக வெளிவருவதுதான் ஆபத்தானது. அகலம், உயரம், கோப்பு வகை ஆகியவற்றை மட்டும் சரிபார்க்கும் வழக்கமான சோதனைகள் எதிலும் அந்தத் தவறு சிக்காது.

முதல் சிக்கல், மை அளவைக் குறிக்கும் எண்கள் எந்தத் திசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பது. ஜேபெக் கோப்பின் அமைப்பைச் சொல்லும் ஜேஃபிஃப் வரையறையில் சாம்பல் நிறப் படத்துக்கும் மூன்று சேனல் (ஒரு பிக்சலுக்கு மூன்று எண்கள்) வண்ணப் படத்துக்கும் மட்டுமே இடமுண்டு. நான்கு சேனல் ஜேபெக் என்பது ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய அடோபியின் வழக்கத்தால் நிலைபெற்றது. கோப்பிலுள்ள ஏபிபி14 என்ற மார்க்கரில் (தகவல் துண்டில்) உருமாற்ற மதிப்பு 0 என்றிருந்தால் உள்ளே இருப்பது நேரடி சிஎம்ஒய்கே. 2 என்றிருந்தால் ஒய்சிசிகே, அதாவது முதல் மூன்று மைகளையும் ஒளிர்வாகவும் நிற வேறுபாடாகவும் மாற்றி எழுதிய வடிவம். இவற்றில் ஃபோட்டோஷாப் மதிப்புகளைப் புரட்டி எழுதுகிறது: 255 என்றால் மை இல்லை, 0 என்றால் முழு மை. அச்சுக்குப் பயன்படும் மற்றொரு பட வகையான டிஃப் கோப்பிலோ இதற்கு நேர்மாறாக, 0 என்றால்தான் மை இல்லை. ஜேபெக்கை வாசிக்கும் நிரலகமான லிப்ஜேபெக் ஒய்சிசிகேயை சிஎம்ஒய்கேயாக மாற்றித் தரும். புரட்டுவதையும், திரைக்கான சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளான ஆர்ஜிபிக்கு மாற்றுவதையும் அழைக்கும் நிரலே செய்துகொள்ள வேண்டும்.

புரட்ட மறந்தால் படம் நெகட்டிவ் போலத் தெரியும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். எல்லாப் படங்களும் அப்படித் தெரிந்துவிடுவதில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து மட்டுமுள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். புரட்டிய கோப்பில் வெள்ளை 255, 255, 255, 255 என்றும், கறுப்பு மை மட்டுமே கொண்ட எழுத்து 255, 255, 255, 0 என்றும் இருக்கும். இவற்றை மை அளவாகவே வாசித்து, மையைக் கழித்து ஆர்ஜிபி காணும் எளிய சூத்திரத்தில் போட்டால், முதல் மூன்று மைகளும் இரண்டிலும் முழு அளவில் இருப்பதால், தாளும் எழுத்தும் ஒருசேரக் கறுப்பாகிவிடும். படம் பழுதடைந்துவிட்டதென்று எண்ணிப் பதிவேற்றும் பகுதியில் பிழை தேடத் தொடங்குவது இப்படித்தான். இருமுறை புரட்டினாலும் இதே விளைவுதான். பைதானின் பில்லோ நிரலகம், நான்கு சேனல் ஜேபெக் எல்லாம் அடோபி வழக்கப்படி இருப்பதாக வைத்துக்கொண்டு தானே புரட்டித் தருகிறது. பிடிஎஃப்பில், எண்களை எப்படி வாசிப்பது என்று சொல்லும் டிகோட் வரிசையும் அதே வேலையைச் செய்யக்கூடும். ஆகவே புரட்டும் பொறுப்பு எந்த அடுக்குடையது என்பதை நிரலில் ஓரிடத்தில் எழுதிவைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஐசிசி புரொஃபைல். ஒரே மை அளவு, தாளும் அச்சு முறையும் மாறினால் வேறு நிறமாகத் தெரியும். எந்த நிறம் என்பதைச் சொல்வது புரொஃபைல்தான். பில்லோவின் சாதாரண ஆர்ஜிபி மாற்றம் அதைக் கண்டுகொள்வதில்லை. நூறு சதவீத சயான் அதில் 0, 255, 255 என்ற கண்ணைக் கூசும் நிறமாக வருகிறது. அமெரிக்க அச்சுத் தரமான ஸ்வாப்பின் புரொஃபைல் வழியே மாற்றினால் அது ஏறத்தாழ 0, 174, 239 ஆகும். பில்லோவிலேயே, புரொஃபைல்படி நிறம் மாற்றும் லிட்டில்சிஎம்எஸ் நிரலகத்தைப் பயன்படுத்தும் இமேஜ்சிஎம்எஸ் தொகுதி இருக்கும்போது, எளிய சூத்திரத்தோடு நின்றுவிடுவதற்கு நியாயமில்லை. புரொஃபைலைத் தாமே வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜேபெக்கின் ஒரு துண்டு 65,535 பைட்டைத் தாண்ட முடியாது, சிஎம்ஒய்கே புரொஃபைலோ பெரும்பாலும் சில நூறு கிலோபைட் இருக்கும். எனவே அது பல ஏபிபி2 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும்; வரிசை எண்படி எல்லாவற்றையும் ஒட்டவேண்டும். புரொஃபைலே இல்லாத கோப்பு வந்தால், எதை எடுத்துக்கொள்வது என்பது நிரலில் புதைந்த ஊகமாக இல்லாமல், மாற்றத்தக்க அமைப்பாக இருக்கட்டும். பதிவேட்டிலும் அது குறிக்கப்படட்டும்.

திரும்பவும் அச்சுக்கே போகும் படத்தை ஆர்ஜிபிக்கு மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கறுப்பு மை மட்டுமே கொண்ட எழுத்து, ஆர்ஜிபிக்குப் போய்த் திரும்பினால் நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சில் தட்டுகள் இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ணக் கோடு தெரியும். அளவு மாற்றுதல், வெட்டுதல் போன்றவற்றை நான்கு சேனலிலேயே செய்துவிட முடியும். திரைக்கான சிறு படத்துக்கு மட்டும் மாற்றம் செய்து, திரைகளுக்கான பொது நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியின் புரொஃபைலை அதில் பதித்து, மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருப்பதே முறை.

சோதனைக்கு நான் பயன்படுத்தும் படத்தில் வெறும் வெள்ளை, ஒவ்வொரு மையும் தனியே நூறு சதவீதம், நான்கும் சேர்ந்த கறுப்பு ஆகிய கட்டங்கள் இருக்கும். அதை டிஃப்பாகவும், இரு வகை ஜேபெக்காகவும், புரொஃபைலுடனும் இல்லாமலும் சேமித்துவைத்து, மாற்றத்துக்குப் பின் ஒவ்வொரு கட்டத்தின் நடுப் பிக்சலையும் எதிர்பார்த்த மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஜேபெக் சுருக்கத்தால் மதிப்பு ஓரிரு எண் நகரலாம் என்பதால் அதற்கு மட்டும் சற்று இடம் கொடுத்தால் போதும். நிரலகத்தின் புதிய பதிப்புக்கு மாறும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை தானாக ஓடவேண்டும்.