அலாய் என்றாலே லேசு என்று யார் சொன்னது?

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், முன் இடது டயரில் பாதிக் காற்றுகூட இல்லாமல் எங்கள் பணிமனைக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்தது. அந்தச் சக்கரத்தில் ஒரு மாதமாகவே காற்று இறங்குகிறது என்றும், இரண்டு பஞ்சர் கடைகளில் டயரின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தும் ஆணி எதுவும் அகப்படவில்லை என்றும், வாரம் ஒருமுறை காற்றடித்துச் சமாளித்து வருவதாகவும் ஓட்டி வந்த இளைஞர் சொன்னார். டயரைக் கழற்றி, சக்கரத்தின் உள்பக்கத்தில் படிந்திருந்த பிரேக் கரியைத் துடைத்தபோது, விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தது. அந்தச் சக்கரத்தை நம்பித்தான் நான்கு பேர் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

வெளியே வாங்கி மாட்டிய அலாய் வீலோடு, அதாவது அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரத்தோடு, இந்த மழைக்காலத்தில் இப்படி எங்களிடம் வந்த மூன்றாவது கார் இது. மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே விளக்கத்தைத்தான் தந்தார்கள்: “லைட் வெயிட் அலாய்ங்ணா, காரை லேசாக்கத்தான் மாட்டினேன்.”

எங்கள் பணிமனை மூலையில் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிய எடைமேடை ஒன்று இருக்கிறது. விரிசல் விட்ட அந்த 17 அங்குலச் சக்கரத்தை, டயர் இல்லாமல், அதன்மேல் வைத்துக் காட்டினேன், 10.6 கிலோ காட்டியது. காருடன் தொழிற்சாலையிலிருந்து வந்த 16 அங்குலச் சக்கரங்கள் அவருடைய வீட்டு மொட்டை மாடியில் சாக்குக்குள் கிடக்கின்றன என்றார். மறுநாள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி எடை போட்டோம், 8.9 கிலோ. காசு கொடுத்து, சக்கரத்துக்கு 1.7 கிலோ வீதம் காரின் எடையைக் கூட்டியிருக்கிறார். வாங்கும்போது எடை என்னவென்று கேட்டீர்களா என்றால், கேட்கவில்லை; அலாய் என்றாலே லேசுதானே என்கிறார்.

இந்த ஒரு நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது சாவதில்லை என்பதால், சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒரே கனஅளவுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு உண்டு என்பது உண்மை. ஆனால், இரும்புத் தகட்டின் வலு அலுமினிய வார்ப்புக்கு இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட வார்ப்பைத் தடிமனாக்க வேண்டும். தடிமன் கூடினால் எடையும் கூடும். உங்கள் வீட்டுச் சமையலறையில் இதற்குச் சான்று இருக்கிறது. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தை ஒரு கையிலும், வார்ப்பு இண்டாலியக் கடாயை மறு கையிலும் தூக்கிப் பாருங்கள். எது அலுமினியம், எது கனம் என்பது உடனே விளங்கும். மலிவான அலாய் வீல் என்பது அந்தக் கடாய்தான். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி ஆறவைத்து எடுக்கும்போது உள்ளே நுண்துளைகள் விழும். அந்தத் துளைகளால் வலு குறையும் என்று தெரிந்தே, ஒழுங்கான தயாரிப்பாளர் தடிமனைக் கூட்டுகிறார். ஒழுங்கற்றவர் தடிமனைக் கூட்டாமல் ‘லைட் வெயிட்’ என்று பெட்டியில் அச்சடித்துவிடுகிறார். முதல் வகை உங்கள் காரைக் கனமாக்கும். இரண்டாம் வகை வளைவில் உடையும்.

சிலர் இன்னும் ‘மேக் வீல்’ என்றே கேட்டு வருகிறார்கள். அந்தப் பெயர் பழைய பந்தயக் கார்களின் மெக்னீசியச் சக்கரங்களிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்று அந்தப் பெயரில் கடைகளில் தொங்குவதெல்லாம் பெரும்பாலும் அலுமினியமே. மெக்னீசியத்தின் தாதுவான மேக்னசைட்டை வெட்டியெடுக்கும் சேலத்தில் இருந்துகொண்டு இதில் நாம் ஏமாறுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உண்மையிலேயே லேசான சக்கரம் வேண்டுமென்றால், முதலில் விட்டத்தைப் பெரிதாக்கும் ஆசையை விடுங்கள். சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் உலகமே நினைவுகூரும் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-இல் வெளிவந்தபோது 185/60 ஆர்14 டயர்தான் அணிந்திருந்தது (டயரின் அகலம் மில்லிமீட்டரில், அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம், சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில் என்பது இந்த எண்களின் வரிசை). வளைவுகளில் ஓட்டுவதற்கென்றே அந்தக் காரை வடிவமைத்தவர்கள் 14 அங்குலம் போதும் என்று முடிவெடுத்தார்கள். நம் ஊரில் அதைவிடச் சாதாரணமான காருக்கு 17 அங்குலம் போதவில்லை. 195/55 ஆர்16 டயரில் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ 107 மில்லிமீட்டர். 205/45 ஆர்17-இல் அது 92. குழியில் விழும்போது அடியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரில் 15 மில்லிமீட்டரை நீங்களே எடுத்துவிட்டீர்கள். மழைக்குப் பிறகு ஏற்காடு மலைச்சாலையின் ஓரத்தில் உருண்டு கிடக்கும் கல்லும், அரித்துப்போன தார் விளிம்பும் இனி நேராகச் சக்கரத்தின் விளிம்பைத்தான் தாக்கும்.

இன்னொரு கணக்கும் இளைஞர்களிடையே உலவுகிறது: சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காரின் உடலில் பத்துக் கிலோ குறைத்ததற்குச் சமம் என்பது. அப்படியில்லை. சக்கரம் காரோடு சேர்ந்து நகர்கிறது, சுழலவும் செய்கிறது. ஆகவே, வேகமெடுக்கும்போது அதன் எடை ஓரளவு கூடுதலாகக் கணக்கில் வரும். எடை முழுவதும் டயரின் வெளிப்பரப்பிலேயே குவிந்திருந்தால்கூட, ஒரு கிலோ இரண்டு கிலோவாகத்தான் கணக்காகும். அதற்குமேல் போகவே முடியாது. சக்கரத்தின் விளிம்போ டயரின் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில்தான் இருக்கிறது. சுழற்சியால் கூடும் பங்கு இந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; மூன்றில் இரண்டை அதே எண்ணால் பெருக்கினால் ஒன்பதில் நான்கு. எனவே ஒரு கிலோ அதிகபட்சம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே கணக்காகும். நான்கு சக்கரங்களிலும் இரண்டு இரண்டு கிலோ குறைத்தால், வேகமெடுப்பில் கிடைக்கும் ஆதாயம் 12 கிலோவைக்கூடத் தொடாது. டிக்கியில் இருக்கும் ஊஃபர் பெட்டியை வீட்டில் இறக்கி வைத்தால் அதைவிட அதிகம் குறையும். அதற்குக் காசும் வேண்டாம்.

அப்படியானால் லேசான சக்கரத்தால் என்னதான் பயன் என்று கேட்பீர்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைகிறது. மேடுபள்ளமான வளைவில் சக்கரம் துள்ளாமல் சாலையை விடாது பிடித்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பவருக்கு அது தெரியும். கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் இதற்காகச் செலவழிப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர்கள் எடையைக் கேட்டு வாங்குகிறார்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? சக்கரத்தைக் குப்புறக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். அளவு, ஆஃப்செட் (சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது), ஒரு சக்கரம் தாங்கும் அதிகபட்சச் சுமை ஆகியவை அங்கே வார்ப்பிலேயே இருக்க வேண்டும். சுமை குறிக்கப்படாத சக்கரத்தைத் தொடாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16192 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய ஜேடபிள்யூஎல் குறி என்பது தயாரிப்பாளர் தாமே அறிவித்துக்கொள்வது. அதனோடு விஐஏ குறியும் இருந்தால்தான் வெளியார் ஒருவர் சோதித்ததாகப் பொருள். இரண்டையும் போலியாக வார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், குறியை மட்டும் நம்பாமல், ரசீதும் உத்தரவாதமும் தருகிற இடத்தில் வாங்குங்கள். விளிம்பைச் சுழற்றி அழுத்தி நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் முறையில் செய்தவை, சாதாரண வார்ப்பைவிட லேசாகவும் வலுவாகவும் இருக்கும். ஃபோர்ஜிங் முறையில் அடித்து உருவாக்கியவை அதனினும் மேல், விலையும் அப்படியே.

பழைய சக்கரம் வாங்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நெளிந்த சக்கரத்தைக் கேஸ் விளக்கில் காய்ச்சிச் சுத்தியலால் நிமிர்த்துவதும், விரிசலை வெல்டிங் வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடிப்பதும் இங்கே அன்றாடம் நடக்கிறது. அலுமினியச் சக்கரத்தின் வலு, தொழிற்சாலையில் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவதால் வருவது. வெல்டிங் தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடுகிறது. பார்வைக்குப் புதிதாக இருக்கும். அடுத்த விரிசல் அந்தத் தையலுக்குப் பக்கத்திலேயே வரும்.

பொருத்துவதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம், 98 மில்லிமீட்டராக இருந்தாலும் 100 ஆக இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இழுத்து முறுக்கினால் ஏறியும்விடும். ஆனால் போல்ட் சாய்ந்து நிற்கும். சக்கரத்தின் நடுத்துளை உட்காரும் ஹப்பின் விட்டம் போலோவில் 57.1 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட், ஐ20 ஆகியவற்றில் 54.1. வெளிச்சந்தைச் சக்கரங்களோ பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மில்லிமீட்டர் துளையோடு வருகின்றன. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாமல் மாட்டிவிட்டு, தொப்பூர்க் கணவாயைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று நான்கு முறை பேலன்சிங் செய்ய வருகிறார்கள். ரிங்கும் அலுமினியமாக இருக்கட்டும். மலையிறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவர்களின் காரில் பிளாஸ்டிக் ரிங் இளகிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாம் கியரில் இறங்கினால் என்ன குறைந்துவிடும்?

போலோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உங்கள் காரின் போல்ட் தலையின் அடிப்பகுதி பந்துபோல் உருண்டிருக்கும். வெளிச்சந்தைச் சக்கரத்தின் குழியோ பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டையைக் கூம்பில் வைத்து முறுக்கினால், மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே இரண்டும் தொடும்; இறுகியது போலவே இருக்கும், பிறகு தளரும். கூம்பு போல்ட் வாங்கி மாட்டுங்கள். பழைய போல்ட்டுகளைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வையுங்கள், ஏனென்றால் ஸ்டெப்னிக்கு அவைதான் பொருந்தும். நள்ளிரவில் வழியில் ஸ்டெப்னி மாட்டும்போதுதான் இது நினைவுக்கு வரும்.

ஆஃப்செட்டைப் பற்றிச் சுருக்கமாக: 6 அங்குல அகலமும் 40 ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்தை எடுத்துவிட்டு 7.5 அங்குல அகலமும் 25 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டினால், வெளி விளிம்பு 34 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். பார்க்க அழகுதான். ஆள் ஏறியதும் வளைவில் டயர் மட்கார்டைச் சுரண்டும். பேரிங்கும் சீக்கிரம் கத்தத் தொடங்கும்.

அந்த இளைஞரிடம் நான் சொன்னது இதுதான்: பழைய 16 அங்குலத்தையே மாட்டிக்கொள்ளுங்கள், மாற்றியே தீர வேண்டுமென்றால், பிரேக் பேடுகளைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் இடிக்காத 15 அங்குலச் சக்கரத்தில் நல்லதாகப் பார்த்து, 195/60 ஆர்15 டயர் போடுங்கள். மொத்த விட்டம் 621 மில்லிமீட்டரிலிருந்து 615 ஆகும். ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதம்தான் மாறும். “சின்னதாத் தெரியும்ங்களேண்ணா” என்று முகம் சுருங்கினார். தெரியும்தான். இப்போதைக்குப் பழையதையே மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

எதை மாட்டினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். போல்ட்டை ஏர் கன்னால் இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் பையனிடம், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சை எடுக்கச் சொல்லுங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், மற்ற காருக்கு அதன் கையேட்டில் உள்ளபடி. புதுச் சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஏற்காட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பாகவே அதற்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை, காசு வாங்குவதில்லை.