கருவைத் திடலில் லோடர் ஹோஸ் ஏன் வெடிக்கிறது?

சம்பா அறுப்பு முடிந்து, ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறக்கும் வரை கிடைக்கும் இடைவெளியில்தான் டெல்டாவில் தரிசு திருத்தும் வேலை மும்முரமாக நடக்கும். வேதாரண்யம் பக்கம் திடலிலும் வாய்க்கால் கரையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவையை டிராக்டர் லோடரால் (முன்னால் பக்கெட் மாட்டிய டிராக்டரால்) தள்ளும்போது முதலில் அடிபடுவது டயர், அடுத்தது பக்கெட்டைத் தூக்கும் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ். டயர் அன்றைக்கே காற்றிறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஹோஸ் அப்படியில்லை. இரண்டு மாதம் கழித்து, வேறொருவர் வயலில், பக்கெட் நிறைய மண்ணைத் தூக்கி நிற்கும்போது வெடிக்கும்.

ஹோஸை வெட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். உள்ளே எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குழாய், அதன்மேல் எஃகுக் கம்பிப் பின்னல், வெளியே கறுப்பு ரப்பர் தோல். லோடரில் ஓடும் 150 முதல் 200 பார் அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்குவது நடுவிலுள்ள கம்பிதான். 200 பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 200 கிலோ எடையை வைத்ததற்குச் சமம்.

அந்தப் பின்னலில் ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் குழாயை உப்பவும் வைக்கும், நீளவாக்கில் இழுக்கவும் செய்யும். உப்பவைக்கும் தகைவு (ஒரு சதுர அளவில் விழும் விசை) இழுக்கும் தகைவைப் போல இரண்டு மடங்கு. கம்பி, குழாயின் நீளவாக்கிலிருந்து சுமார் 54.7 டிகிரி சாய்ந்து ஓடினால் இரண்டையும் ஒருசேரச் சமாளித்துவிடும். ஹோஸ் நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டால் இந்தச் சாய்வு கெடும். ஒரு திசைக் கம்பிகள் மட்டும் சுமையை வாங்கி, சீக்கிரமே அறும். அதனால்தான் நட்டை இறுக்கும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும்: ஒன்று ஹோஸின் முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றது நட்டைத் திருக. ஹோஸ் மேல் நீளமாக அச்சடித்த எழுத்து வரி சுற்றிச் சுற்றி ஓடினால், முறுக்கு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

முள் கம்பிப் பின்னலைத் துளைப்பது அபூர்வம். அது தோலைத்தான் கிழிக்கும். கிழிசல் வழியே சேற்றுத் தண்ணீர் கம்பியைத் தொட்டு, பின்னலுக்குள்ளேயே ஊறிப் பரவும். கடலோர உப்புமண் என்றால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கம்பி நாலைந்து அறுந்ததும் உள்குழாய் அந்த இடத்தில் பிதுங்கும். அதற்குப் பிறகு ஹோஸுக்கு ஆயுள் இல்லை. தோல் கிழிந்து கம்பி பளபளத்தால் இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். டேப் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். மாற்றிவிடுங்கள். அரை அங்குல அளவில் ஒற்றைப் பின்னல் 160 பாருக்கும், இரட்டைப் பின்னல் 275 பாருக்கும் செய்யப்பட்டவை. லோடருக்கு இரட்டையே சரி.

அதைவிடப் பெரிய சிக்கல், ஹோஸ் எந்த வழியே போகிறது என்பது. பக்கெட்டைத் தாங்கும் லோடரின் கை ஏற இறங்க, பக்கெட் கவிழ, ஹோஸுக்குத் தளர்வு வேண்டும். அதே தளர்வுதான் வளையமாகத் தொங்கிக் கிளையில் மாட்டிக்கொள்கிறது. தீர்வு, ஹோஸைக் கையின் மூட்டிலுள்ள இரும்பு முளைக்கு (பின்) நெருக்கமாகக் கடத்துவது. சுழலும் மையத்துக்கு அருகில் போகிற ஹோஸுக்குக் கை எவ்வளவு ஏறினாலும் நீளம் அதிகம் மாறாது. எனவே பெரிய வளையமும் தேவைப்படாது. நீளத்தைக் கயிறு கட்டிப் பாருங்கள்: கை முழுக்க மேலே, முழுக்கக் கீழே, பக்கெட் கவிழ்ந்தும் சுருண்டும். இவற்றில் எது அதிகமோ அதோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சேருங்கள். கம்பியின் சாய்வு நடைமுறையில் அச்சாக அமையாததால், அழுத்தம் ஏறும்போது ஹோஸ் சற்றே சுருங்கக் கூடும். அரை அங்குல இரட்டைப் பின்னல் ஹோஸை 18 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது. முனையை ஒட்டியே வளைக்க வேண்டிய இடத்தில் 90 டிகிரி வளைந்த முனை போட்டுக்கொள்ளலாம்.

மற்ற இடங்களில் கையின் உட்பக்கமாக, அரை மீட்டருக்கு ஒரு ரப்பர் கிளாம்ப் போட்டால் போதும். கட்டுக்கம்பி வேண்டாம், அது தோலை அறுக்கும். திறந்திருக்கும் பகுதிக்கு மேல் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை மடித்து, கழற்றி மாட்டும்படி போல்ட் போடுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் சேறு தங்கிக் காய்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். தண்ணீர் மோட்டாரின் பழைய பச்சை ஹோஸை நீளவாக்கில் கீறி மேலே மாட்டுவது செலவில்லாத நல்ல வழி. அதிலும் தண்ணீர் வடியக் கீழே ஓட்டை வேண்டும்.

எந்த உறையும் முரட்டு ஓட்டத்தைத் தாங்காது. தள்ளிய கிளையின் மேலேயே வண்டியை ஏற்றினால், முன் அச்சு அழுத்திய கிளை பின்னால் விடுபட்டு எகிறி, அடியிலுள்ள ஹோஸைக் கொக்கிபோல் இழுக்கும். முதலில் ஆள் வைத்துப் பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தைத் தள்ளுங்கள். தூரை ஓடிவந்து இடிக்கவும் வேண்டாம். லிவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டருக்குள் எண்ணெய் பூட்டிக் கிடக்கும். சிலிண்டர் பக்கம் தனி ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திறந்துவிடும் வால்வு) இல்லாத லோடரில் இடியின் அழுத்தம் முழுவதும் ஹோஸில் போய் இறங்கும். ஆழமாக வேரோடிய பெரிய தூர் ஜேசிபிக்கான வேலை.

கசிவைத் தேடும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லிவரை நாலு முறை ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். ஓடும்போதே பார்த்தாக வேண்டுமென்றால் எட்ட நின்று ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், கையை அல்ல. ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும். முதலில் பெரிய வலி இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்கும் நிலை வரலாம். கருவை வெட்டும் இடத்தில் அந்தச் சிறு புள்ளியை எல்லோரும் முள் குத்தியதாகத்தான் நினைப்பார்கள். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே பாய்ந்தது என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். எண்ணெய் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.