பர்வதமலைக்கு போறீங்களா? இறங்குறதுக்கும் கொஞ்சம் கால் மிச்சம் வைங்க

வேலூர்ல பிசியோதெரபிஸ்ட்டா 14 வருஷமா வேலை பாக்குறேன். பௌர்ணமி முடிஞ்சு ரெண்டாவது நாள் காலைல, கிளினிக் வாசல்லயே எனக்கு தெரிஞ்சிடும் யாரு மலைக்கு போயிட்டு வந்திருக்காங்கன்னு. வாசல்ல இருக்கிறது மூணே படி தான். ஏறி உள்ள வந்துடுவாங்க, திரும்பி போகும்போது தான் கைப்பிடியை கெட்டியா பிடிச்சுகிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்குவாங்க. "பர்வதமலையா?"ன்னு கேட்டா "ஆமா மேடம், எப்படி தெரிஞ்சது"ன்னு ஆச்சரியப்படுவாங்க.

ஏறும்போது வலிக்காம இறங்கும்போது மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு கிளினிக்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லிகிட்டு தான் இருக்கேன், ஆனா அடிபட்ட அப்புறம் சொல்றதை விட கிளம்புறதுக்கு முன்னாடி சொன்னா தானே பிரயோஜனம், அதான் எழுத உக்காந்தேன்.

நானும் போன வருஷம் போயிட்டு வந்தேன். என் தாய்மாமா, 58 வயசு, ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனியில 30 வருஷம் நின்னுகிட்டே வேலை பாத்த மனுஷன், "எனக்கு இன்னா பாப்பா, கால் ரெண்டும் இரும்பு மாதிரி இருக்குது"ன்னு சொல்லிட்டு வந்தாரு. கூட என் தம்பி. ராத்திரி 2 மணிக்கு வேலூர்ல கிளம்பி கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர், கலசபாக்கம் வழியா தென்மாதிமங்கலம் போய் சேர்ந்தோம், இன்னொரு பாதை கடலாடி பக்கத்துல இருந்து ஏறுது. இப்ப திருவண்ணாமலை மாவட்டம்னு சொன்னாலும் 1989ல பிரிக்கிற வரைக்கும் இது எல்லாமே நம்ம வட ஆற்காடு தான். நன்னன் ஆண்ட செங்கம் நாட்டு நவிரமலைன்னு சங்க காலத்துலயே பேர் வாங்கின மலை, மேல மல்லிகார்ஜுனேஸ்வரர், பிரமராம்பிகை. நம்ம கையாலயே சாமிக்கு பூஜை பண்ணலாம்ங்கிறதுக்காகவே ஜனங்க இவ்ளோ கஷ்டப்பட்டு ஏறுறாங்க. அந்த பக்தியை குறை சொல்ல நான் இதை எழுதல, எனக்கும் அதே பக்தி தான்.

உயரம் சுமார் 4,500 அடி. ஊட்டி அளவுக்கு இல்லையேன்னு நினைக்காதீங்க, ஊட்டிக்கு பஸ் போகுது, இங்க அடிவாரத்துல இருந்து மொத்தத்தையும் கால்ல தான் ஏறணும். மொதல்ல படிக்கட்டு, அப்புறம் காட்டுக்குள்ள உருட்டுக்கல்லும் வேருமா ஒரு பாதை, கடைசியில கடப்பாறை நெட்டு. பாறையில கடப்பாறையை அடிச்சு நட்டு வெச்சிருப்பாங்க, சங்கிலி போட்டிருப்பாங்க, அப்புறம் இரும்பு ஏணி, ஒரு பக்கம் பாத்தா வெறும் பள்ளம் தான். அங்க நடக்கிறதுன்னே இல்ல, கையும் காலும் சேர்ந்து தொத்தி தொத்தி போகணும்.

ஏறுறதுல எங்களுக்கு ஒரு பிரச்சனையும் வரல. மாமாவுக்கு மூச்சு வாங்குச்சு, உக்காந்தாரு, தண்ணி குடிச்சாரு, திரும்ப ஏறினாரு, ஒன்பதரைக்கு மேல போயிட்டோம். சாமி கும்பிட்டு, எடுத்துட்டு போன எலுமிச்சை சாதத்தை சாப்பிட்டு, காத்து வாங்கிகிட்டு அப்படியே உக்காந்துட்டோம். கிளம்பும்போது மணி பன்னெண்டு. இதுதான் நாங்க பண்ண பெரிய தப்பு, நான் ஒரு பிசியோவா இருந்தும் அதை கவனிக்கல.

இறங்க ஆரம்பிச்சு இருபது நிமிஷம் கூட இருக்காது. கடப்பாறை நெட்டுல மாமா சங்கிலியை பிடிச்சுகிட்டு ஒரு காலை கீழ வெச்சாரு, அந்த முட்டி அப்படியே மடங்கி உக்காந்துடுச்சு. கை சங்கிலியில இருந்ததால தப்பிச்சோம். கீழ இருந்து என் தம்பி அவர் பாதத்தை பிடிச்சு பாறையில வெச்சான், நான் மேல இருந்து "மாமா அப்படியே நில்லுங்க, நகராதீங்க"ன்னு சொல்லிகிட்டே இருந்தேன். தொடை ரெண்டும் தையல் மிஷின் மாதிரி ஆடுது. அவர் முகத்துல வேர்வை கூட இல்ல, மூச்சும் சாதாரணமா தான் இருந்துச்சு.

அந்த "மூச்சு சாதாரணமா இருந்துச்சு"ங்கிறது தான் ஆபத்தே. ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பே நம்மள "உக்காரு"ன்னு சொல்லி உக்கார வைக்கும். இறங்கும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கம்மி, அதனால அந்த எச்சரிக்கை வராது. நாம பேசிகிட்டே சிரிச்சுகிட்டே வேகமா இறங்குவோம், தொடைத்தசை மட்டும் உள்ளுக்குள்ள தீர்ந்துகிட்டே வரும், சத்தமே இல்லாம ஒரு படியில விட்டுடும். ஆல்ப்ஸ் மலையில நடைபயணம் போறவங்களோட விபத்து கணக்கை எடுத்து பாத்தவங்களும் இதையே தான் சொல்றாங்க, விழுந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இறங்கும்போது விழுந்தவங்க.

ஏன்னு சொல்றேன். அரிசி மூட்டையை தூக்கி தோள்ல வைக்கிறது ஒரு வேலை. அதே மூட்டையை சத்தம் வராம மெதுவா கீழ இறக்கி வைக்கிறது வேற வேலை. ஏறும்போது தொடையோட முன்பக்க தசை சுருங்கி உங்கள மேல தள்ளுது. இறங்கும்போது அதே தசை நீண்டுகிட்டே பிரேக் பிடிக்கணும். இந்த நீண்டுகிட்டே இழுத்து பிடிக்கிற வேலையில தான் தசை இழையில நுண்ணிய கிழிசல் அதிகமா வரும், அந்த வலி உடனே தெரியாது, 24 மணி நேரத்துக்கு மேல ஆகி ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்கு வரும், அதனால தான் என் கிளினிக்குக்கு மறுநாள் விட அதுக்கு அடுத்த நாள் கூட்டம். முட்டிக்கும் அப்படித்தான், சமதரையில நடக்கும்போது உடம்பு எடையைப் போல ரெண்டரை மடங்கு பாரம் விழுதுன்னா படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. 70 கிலோ ஆளுக்கு கணக்கு போட்டுக்கோங்க, அதுவும் ஆயிரக்கணக்கான தடவை, தொம் தொம்னு குதிச்சு இறங்கினா இன்னும் ஜாஸ்தி.

மாமாவை உக்கார வெச்சு, கடலைமிட்டாய் கொடுத்து, ஓஆர்எஸ் கொடுத்து அரை மணி நேரம் இருந்தோம். அப்ப எங்கள தாண்டி ஒரு பாட்டி இறங்கினாங்க, எழுபது வயசாவது இருக்கும், வெறுங்கால், கையில ஒரு கழி. அவங்க காலையே பாத்துகிட்டு இருந்தேன். எங்கயும் எட்டி வைக்கல. சின்ன சின்ன அடி, முட்டி எப்பவும் லேசா மடங்கியே இருக்கு, கழி தான் மொதல்ல கீழ போகுது, அப்புறம் தான் கால். செங்குத்தா வந்த எடத்துல பாறையை பாத்து திரும்பிகிட்டு, முதுகு பள்ளத்து பக்கம் இருக்க, ஏணியில இறங்குற மாதிரி இறங்கினாங்க. "சாமி, வெளிய பாக்காத, கல்லை பாரு"ன்னு மாமாகிட்ட சொல்லிட்டு போயிட்டாங்க. நான் காலேஜ்ல நாலரை வருஷம் படிச்சதை அந்தம்மா கால்ல பாத்தேன்.

அதையே மாமாவுக்கு செஞ்சோம். ரெண்டு கை ரெண்டு கால்ல மூணு எப்பவும் பாறையிலயோ இரும்புலயோ இருக்கணும், ஒண்ணு மட்டும் தான் நகரணும். சங்கிலியில தொங்கக்கூடாது, அது பேலன்ஸுக்கு, பாரம் கால்ல தான் இருக்கணும், ஒருத்தர் தொங்கினா அதே சங்கிலியை பிடிச்சிருக்கிற இன்னொருத்தரையும் அது இழுத்து ஆட்டிடும், அதனால ஒரு துண்டு சங்கிலிக்கு ஒரு ஆள், முன்னாடி போறவங்க பாறையில நின்ன அப்புறம் அடுத்த ஆள். கால் பட்டு கல்லு உருண்டா கூச்சப்படாம "கல்லு கல்லு"ன்னு கத்திடுங்க, கீழ ஒரு தலை இருக்கும். காலைல மூணு மணி நேரத்துல ஏறின பாதையை இறங்கி முடிக்க எங்களுக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அடிவாரத்துக்கு வரும்போது வெளிச்சம் போயிகிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா கிளம்பியிருந்தா காட்டுக்குள்ள இருட்டுல மாட்டியிருப்போம். வனத்துறை போடுற நேரக்கட்டுப்பாட்டை நிறைய பேர் தொந்தரவா பாக்குறாங்க, எனக்கு அன்னைக்கு அது ஏன்னு புரிஞ்சது. 108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும் தான் வரும், கடப்பாறை நெட்டுல கால் ஒடைஞ்சா நாலு பேர் தோள்ல தான் இறங்கணும், அந்த நாலு பேர் உயிரும் சேர்ந்து பணயம்.

மதியத்துக்கு அப்புறம் மலை மேல இருக்கக்கூடாதுங்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சித்திரை வைகாசியிலயும் ஐப்பசியிலயும் நம்ம பக்கம் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு அப்புறம் தான் கட்டும். மழையில பாறை வழுக்குறது எல்லாருக்கும் தெரியும். மின்னல் விழுந்தா அந்த கடப்பாறை, சங்கிலி, ஏணி எல்லாம் கரண்ட்டை கடத்துற இரும்புங்கிறது அங்க நிக்கும்போது ஞாபகத்துக்கு வராது. தூரத்துல இடி கேட்டாலே சங்கிலி பக்கம் போகாதீங்க, ஏறிகிட்டு இருந்தா திரும்பிடுங்க, சாமி எங்கயும் போகமாட்டாரு.

இப்ப கொஞ்சம் பயமுறுத்துற விஷயம், இதை எழுதும்போது எனக்கே மனசு கனமா இருக்கு. ஒரு சின்ன பையன், ஜிம்முக்கு போறவன், நல்ல உடம்பு. மலைக்கு போறதுக்கு முன்னாடியே வலி வரக்கூடாதுன்னு ஒரு வலி மாத்திரை, மேல ஒண்ணு, வீட்டுக்கு வந்து ரெண்டு. தண்ணி எடுத்துட்டு போனது ஒரே ஒரு லிட்டர். பிரெண்ட்ஸோட பந்தயம் வெச்சுகிட்டு ஓடி இறங்கியிருக்கான். மூணாவது நாள் என்கிட்ட "தொடையை தொடவே முடியல மேடம், மசாஜ் பண்ணி விடுங்க"ன்னு வந்தான். தொடை வீங்கி கல்லு மாதிரி இருந்துச்சு. யூரின் என்ன கலர்ல போகுதுன்னு கேட்டேன். தயங்கிகிட்டே "கட்டங்காப்பி மாதிரி"ன்னான். கையை கூட வைக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். தசை அளவுக்கு மீறி உடைஞ்சா அதுல இருக்கிற மயோகுளோபின்ங்கிற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னியை பாழாக்கும், உடம்புல தண்ணியும் இல்லாம மேல வலி மாத்திரையும் போட்டா கிட்னிக்கு போற ரத்தம் இன்னும் குறையும், மூணும் சேர்ந்தா டயாலிசிஸ் வரைக்கும் போகலாம். சீக்கிரம் போனதால டிரிப் ஏத்தி அவனை காப்பாத்திட்டாங்க. தயவு செஞ்சு வலி வர்றதுக்கு முன்னாடியே வலி மாத்திரை போட்டுகிட்டு மலை ஏறாதீங்க. யூரின் டீ கலர், காப்பி கலர்னு வந்தா அது சூடுன்னு நினைச்சு இளநீர் குடிச்சுகிட்டு வீட்ல இருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ஓஆர்எஸ் பத்தியும் சொல்லிடறேன். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு சின்ன பாட்டில்ல கொட்டி கலக்குனா உப்பு ஏகத்துக்கும் ஏறிடும், வாந்தி தான் வரும். அதே மாதிரி உப்பே இல்லாம வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா குடிக்கிறதும் தப்பு. மேல தண்ணி கிடைக்கும்னு நம்பி போகாதீங்க, சுமந்துகிட்டு தான் போகணும், தண்ணியில பாதி இறங்குறதுக்கு.

கணுக்கால் பிசகினா ரொம்ப பேர் எண்ணெய் போட்டு நீவி விடுறாங்க. மொத ரெண்டு நாள் அதை செய்யாதீங்க, உள்ள ரத்தக்கசிவு இருக்கும், நீவ நீவ வீக்கம் ஏறும். துணியில சுத்துன ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை தலைகாணி மேல தூக்கி வைக்கிறது, போதும். நாலு அடி கூட எடுத்து வைக்க முடியல, இல்ல கணுக்கால் மொட்டு எலும்பை அழுத்தினா உசிரு போகுதுன்னா எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டு தான் எந்த கட்டுக்கும் போகணும்.

சரி, இறங்குறதுக்கு எப்படி தயாராகுறது. எல்லாரும் ஏறுறதுக்கு தான் பயிற்சி எடுக்கறாங்க, மொட்டை மாடிக்கு பத்து தடவை ஏறினேன்னு சொல்வாங்க. இறங்குற தசைக்கு இறங்கினா தான் பயிற்சி. இதுல ஒரு நல்ல விஷயம், ஒரே ஒரு தடவை கொஞ்சமா இறங்கி தசை வலிச்சு சரியாயிடுச்சுன்னா, அடுத்த சில வாரத்துக்கு அதே தசை அவ்ளோ சுலபமா அடிபடாது, உடம்பு ஞாபகம் வெச்சுக்கும். அதனால மலைக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சு, மலைக்கு போற அந்த வாரம் ரெஸ்ட் விடுங்க.

மாமாவுக்கு நான் சோளிங்கர் தான் சொன்னேன். பெரிய மலை யோக நரசிம்மர் கோயிலுக்கு 1,305 படி, 2024ல இருந்து ரோப் கார் ஓடுது. ரோப் கார்ல மேல போங்க, சாமி கும்பிடுங்க, படியில நடந்து இறங்குங்கன்னேன். எல்லாரும் தலைகீழா தானே பண்றாங்க, ஏறிட்டு ரோப் கார்ல இறங்குறாங்கன்னு அவருக்கு ஒரே குழப்பம். ஆஸ்திரியாவுல ஒரு டாக்டர் குழு இதே மாதிரி கேபிள் கார்ல மேல போயி நடந்து இறங்குனவங்களுக்கு சர்க்கரையை உடம்பு ஏத்துக்கிற விதம் நல்லாவே ஆச்சுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, மாமாவுக்கு சுகரும் இருக்கு, அதை சொன்னதும் ஒத்துகிட்டாரு. முட்டி தேய்மானம் இருக்கிறவங்க, ஆபரேஷன் பண்ணவங்க இதை உங்க டாக்டரை கேக்காம செய்யாதீங்க.

மொத வாரம் பாதி படி இறங்குறதுக்குள்ள மூணு எடத்துல உக்காந்தாரு, தொடை மூணு நாள் வலிச்சுது. மூணாவது வாரம் முழுசா இறங்கினாரு. ஆறாவது வாரம் நான் அவருக்கு பின்னாடி வந்துகிட்டு கால் எப்படி வைக்கிறாருன்னு பாத்தேன், சின்ன அடி, முட்டி மடங்கியே இருக்கு, கழி தான் மொதல்ல போகுது. பாதியில நின்னு திரும்பி "இன்னா பாப்பா, அந்த பாட்டி மாதிரி வருதா"ன்னு கேட்டாரு.

தை மாசம் திரும்ப பர்வதமலை போறோம். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி, ரெண்டு கழி. மேல எவ்ளோ நல்லா காத்து அடிச்சாலும் பத்து மணிக்கு இறங்க ஆரம்பிச்சிடணும்னு மாமாவே தம்பி போன்ல அலாரம் வைக்க சொல்லிட்டாரு.