சார்ஜாவுக்குப் போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

கோவையிலிருந்து சார்ஜாவுக்கு எத்தனை மணி நேரம்? டிக்கெட்டை மட்டும் பார்த்தால் குழப்பம்தான். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. காலை 4 மணிக்குக் கிளம்பி 6.30க்கு இறங்கினால், பயணம் இரண்டரை மணி நேரமல்ல, நான்கு மணி நேரம். சரி, இது வெறும் கூட்டல் கழித்தல். அதைச் சரிசெய்த பிறகும் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

தூரம் மாறுவதில்லை: கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து ஏறக்குறைய 2,760 கி.மீ. இது தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தது அல்ல. உலக உருண்டையின்மேல் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் வழிதான் மிகக் குறுகியது. சார்ஜாவுக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை. திருப்பூர் பனியன் முதலாளி நியூயார்க் போகிறார் என்றால் அந்த நூல் அரபிக்கடலைக் குறுக்கே தாண்டி நேர் மேற்கே போகாது. வடக்கே ஏறி, ஐஸ்லாந்துக்கு மேலே போய்த்தான் இறங்கும்.

நேரத்தை மாற்றுவது காற்று. விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றே வீசாவிட்டால் 3 மணி 17 நிமிடம். மணிக்கு 80 கி.மீ. எதிர்காற்று அடித்தால் 3 மணி 38 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் சரியாக 3 மணி. கவனியுங்கள்: இழந்தது 21 நிமிடம், கிடைத்தது 17தான். எதிர்காற்றில் அதிக நேரம் சிக்கியிருக்கிறோம், சாதகமான காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் போய்வரும் கணக்கில் காற்று எப்போதும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பக்கம் பிடிக்கும் என்பது மாதத்தைப் பொறுத்தது. தை மாதத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே, உயரத்தில், மேற்கிலிருந்து பலமான காற்றோட்டம் ஓடும்; திரும்பி வருபவர்களுக்குக் கொண்டாட்டம். ஆடியில் நிலைமை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், 12 முதல் 15 கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே பாயும். இந்தக் கிழக்குக் காற்றோட்டத்தை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். தையில் சார்ஜா போகிறவரைத் தடுக்கும் மேல்வானம், ஆடியில் வழியின் ஒரு பகுதியிலாவது அவரைத் தள்ளிவிடும்.

சென்னை போன்ற பக்கத்து ஊருக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. வான்வழித் தூரம் சுமார் 400 கி.மீ.; முழு வேகத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, அங்கே இடம் கிடைக்கும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. போதாததற்குத் தாமதத்துக்கென்று சில நிமிடங்களும் சேர்த்தே வைக்கிறார்கள். "முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வந்தால், விமானியைப் பாராட்டுவதோடு அட்டவணை போட்டவரையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.