யூ.டி.எஃப் என்ற அந்த ஒரு கட்டணம்

விமான டிக்கெட்டின் கட்டண விவரத்தில் யூ.டி.எஃப் என்று ஒரு தனிக் கட்டணம் இருக்கும். விமான நிலையத்துக்காகப் பயணியிடம் வாங்கும் தொகை. கட்டுமான ஒப்பந்தங்களோடு வேலை செய்பவன் என்பதால், அரசு-தனியார் கூட்டில் விமான நிலையம் வருகிறது என்றாலே எனக்கு அந்தக் கட்டணம்தான் நினைவுக்கு வரும்.

டெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் ஜி.எம்.ஆர் நிறுவனத்தின் தலைமையிலான குழு, வருவாயில் 45.99 சதவீதத்தை அரசின் விமான நிலைய ஆணையத்துக்குத் தருவதாகச் சொல்லி, அங்கிருந்த விமான நிலையத்தை விரிவாக்கி நடத்தும் டெண்டரை வென்றது. எல்லோரும் அந்த எண்ணைத்தான் பேசினார்கள். அந்தப் பங்கைச் செலவாகக் காட்டிப் பயணியிடம் வசூலிக்க முடியாதபடி ஒப்பந்தம் தடுத்தது. நல்ல விதி. ஆனால் கட்டுமானச் செலவுக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. சுமார் 9,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட வேலை 12,500 கோடியைத் தாண்டியது. பணம் போதாமல், மூன்றாம் முனையம் திறப்பதற்கு முன்பே, 2009-இல் உள்நாட்டுப் பயணிக்கு 200, வெளிநாடு செல்லும் பயணிக்கு 1,300 ரூபாய் மேம்பாட்டுக் கட்டணம் (யூ.டி.எஃப் போலவே பயணியிடம் வாங்கும் இன்னொரு தொகை) வந்தது. ஏரா எனப்படும் விமான நிலையக் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்காமல் வசூலித்தது தவறு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, அதோடு முடிந்ததா? ஏராவே கணக்குப் பார்த்து ஒரு தொகையை நிர்ணயிக்க, வசூல் மறுபடி தொடங்கியது. (அத்தனை பெரிய முனையத்தை 37 மாதங்களில் கட்டியது சாதனைதான், அதில் சந்தேகமில்லை.)

நவி மும்பையில் சிக்கல் வேறு. 2007-இல் மத்திய அரசு அங்கே புதிய விமான நிலையத்துக்குக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. திறப்பு விழா 2025-இல்தான். குன்றை வெட்டவும், உல்வே ஆற்றைத் திருப்பவும், உயரழுத்த மின்கம்பிகளை நகர்த்தவும், கிராமங்களை இடம்பெயர்க்கவும் வேண்டியிருந்தது. இந்த முன்வேலைகளின் பொறுப்பை மாநில அரசின் நகர வளர்ச்சி நிறுவனமான சிட்கோ ஏற்றது சரியான முடிவு. நிலச் சிக்கலைத் தனியார் தலையில் கட்டினால், அந்தப் பயத்துக்கும் ஒரு விலை போட்டுத்தான் டெண்டர் கொடுப்பார்கள்.

பெரிய விமான நிலையங்களின் கட்டணத்தை ஏரா ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. அதற்குமுன் வரைவைத் தன் இணையதளத்தில் வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். விமான நிறுவனங்கள் வரிக்கு வரி ஆட்சேபம் எழுதி அனுப்பும். பயணிகளும் அனுப்பலாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும், முழுக்கப் படிக்க வேண்டாம். முதலீட்டுச் செலவு அத்தியாயத்தில், முன்பு அனுமதித்த தொகையையும் இப்போது கேட்கும் தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வித்தியாசத்துக்குச் சொல்லியிருக்கும் காரணத்தைக் கேள்வி கேட்டு எழுதுங்கள்.