மாமோவின் மஞ்சள் இறகு

ஹவாய்த் தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த முதலாம் கமேஹமேஹா மன்னரின் மேலங்கி, ஹொனலுலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகதகவென்று தங்க மஞ்சள். அதில் சுமார் 4,50,000 இறகுகள் இருக்கின்றன. ஏறக்குறைய 80,000 மாமோ பறவைகளிடமிருந்து எடுத்திருப்பார்கள் என்பது கணக்கு.

இத்தனைக்கும் மாமோ ஒரு கறுப்புப் பறவை. வாலடி, தொடை, இறக்கை மடிப்பு என்று அங்கங்கே மட்டும்தான் மஞ்சள். கறுப்பைத் தரும் மெலனினைப் பறவையின் உடலே தயாரித்துக்கொள்ளும். மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டு அப்படியில்லை, தின்பதிலிருந்துதான் வர வேண்டும். இறகு முளைக்கும்போது அது ரத்தத்தின் வழியே வந்து படிகிறது.

பறவை பிடிப்பவர்கள் சீமைப்பலாப் பால் போன்ற பிசினைக் கிளையில் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். அப்புறம் வேண்டிய இறகை மட்டும் பிடுங்கிக்கொண்டு பறவையைப் பறக்கவிட்டார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நடக்கக்கூடியதுதான்: முறிந்த இறகு, பறவை அடுத்து இறகு உதிர்க்கும் காலம்வரை அப்படியே நிற்கும், வேரோடு பிடுங்கியதோ உடனே மறுபடி முளைக்கத் தொடங்கிவிடும். ஆனால் எல்லாப் பறவையும் உயிரோடு திரும்பியிருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அங்கிக்காகப் பிடித்தது மட்டுமே மாமோவை அழித்துவிடவில்லை. காட்டை மாடுகள் மேய்ந்து தீர்த்தன, கப்பலில் எலி வந்தது, துப்பாக்கி வந்தது. 1826 வாக்கில் கொசுவும் வந்தது. அதுவரை ஹவாயில் கொசுவே கிடையாது! வந்தது வேறெதுவும் இல்லை, நம் ஊர்ச் சாக்கடையில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்புகிற அதே க்யூலெக்ஸ்தான். பறவை அம்மையையும் பின்னாளில் பறவை மலேரியாவையும் அது பரப்பியது. இந்த நோய்களைப் பார்த்தே இராத தீவுப் பறவைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. மாமோவைக் கடைசியாக 1898இல் ஹீலோ நகருக்கு மேலேயுள்ள காட்டில் பார்த்தார்கள்.

இதுபோன்ற அங்கிகளுக்குச் சிவப்பு இறகு தந்த ஈவி என்ற பறவை இன்னும் உயிரோடு இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் மலை உச்சிக் காடுகளில். சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளராது. பூமி சூடாக ஆக, அந்தக் குளிர் எல்லை மேலே மேலே ஏறுகிறது. அதனால் 2023 முதல் மாவி தீவில் ஹெலிகாப்டரில் கொசுவை எடுத்துப்போய் விடுகிறார்கள்! எல்லாம் வோல்பாகியா பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது, அதோடு சேரும் காட்டுப் பெண் கொசுவின் முட்டையும் பொரியாது.